எழுநூறு டாலர் ரிவியரா

1979 அக்டோபரில் எழுநூறு டாலர் கொடுத்து ஒரு கார் வாங்கினேன். பியூக் ரிவியரா, 1965 மாடல். நான் வாங்கிய முதல் கார் அதுதான். விற்றவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு, தலைச்சுமை இறங்கியவர் மாதிரி பெருமூச்சு விட்டார். கண்ணாடியில் விலை எழுதி இரண்டு மாதம் வாசலில் நிறுத்தியிருந்தாராம். ஒருவரும் வந்து கேட்கவில்லை.

2024 ஆகஸ்டில் அதே ஊரில், மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட்டில், செங்கல் பாவிய சாகினா தெருவில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வருஷாவருஷம் நடக்கிற கண்காட்சி. அதில் ஒரு 1965 ரிவியராவைச் சுற்றி அத்தனை கூட்டம். தொட வேண்டாம் என்று அட்டை வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒருவர், எழுபதாயிரம் டாலரைத் தூக்கிக்கொண்டு அலைந்தாலும் இப்படி ஒன்று கிடைக்காது என்று நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்தது இதே மாதிரி ஒரு காரில்தான்.

ஈரானில் ஷா நாட்டைவிட்டு வெளியேறிய வருஷம் 1979. பெட்ரோல் விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. பங்குகளில் வரிசை நின்றது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கா குதிரைத்திறனைச் சொல்லிச் சொல்லியே கார் விற்றது. 1964-இல் பான்டியாக் ஜி.டி.ஓ. கிளப்பிவிட்ட மஸில் கார் மோகம் இன்ஷூரன்ஸ் கட்டணத்திலும் புகைக் கட்டுப்பாட்டிலும் தேய்ந்து, 1973 எண்ணெய்த் தடையோடு அடங்கிப்போனது. மிச்சம் மீதி இருந்த பெரிய கார்களை 1979-இல் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். என்னோடு டெட்ராய்ட்டில் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்த தமிழ்ப் பையன்கள் எல்லாரும் டாட்சன், ஹோண்டா என்று சின்னக் கார்களாகப் பார்த்து வாங்கினார்கள். நானும் டாட்சன்தான் தேடினேன். கையில் தொள்ளாயிரம் டாலர் இருந்தது. ஓடுகிற நிலையில் ஒரு டாட்சனுக்கு அதைப் போல இரண்டு பங்குக்கு மேல் கேட்டார்கள்.

படிப்பு முடிந்து பிளின்ட்டில் ஒரு சின்ன டூல் அண்ட் டை பட்டறையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எதிர்வீட்டில் ஒரு பெரியவர். ஃபிஷர் பாடி ஆலையில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் குளிரில் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு கார் நிற்கிறது, வா என்று அவர்தான் கூட்டிப்போனார். நான் டயரைப் பார்த்தேன், மைல் கணக்கைப் பார்த்தேன். அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. காரின் பின்பக்கம் போய், கூரை இறங்கி உடம்போடு சேர்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தடவினார். இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம். தலையை ஆட்டி, வாங்கிக்கொள் என்றார். அவ்வளவுதான் அவர் செய்த பரிசோதனை. அதன் அர்த்தம் எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

தேவகோட்டைக்கு, அப்பாவுக்கு, ஏரோகிராம் எழுதினேன். பியூக் என்ற பெயரைப் படித்ததும் அவர் பதறிவிட்டார். அவருடைய சின்ன வயசில் எங்கள் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் அமெரிக்கக் கார்கள் நின்றன. என் அப்பத்தா கடைசிவரை காரைக் கார் என்று சொன்னதில்லை, பிளசர் என்றுதான் சொல்வாள். பிளசர் வைத்திருப்பது பெரிய இடத்து ஆட்கள் வேலை என்று அப்பா மனத்தில் பதிந்திருந்தது. வாத்தியார் மகன் கடனில் விழுந்துவிட்டான் என்றே நினைத்துக்கொண்டார். பதில் கடிதத்தின் கடைசி வரியில், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்டிருந்தார். நாலு என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கேள்விக்கு நான் பதிலே எழுதவில்லை.

அந்தக் கார் எப்படிப் பிறந்தது என்று பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிற்பாடு புத்தகங்களிலும் படித்தேன். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் ஒருமுறை லண்டன் போயிருந்தபோது, மூடுபனிக்குள்ளிருந்து கத்தி முனை போன்ற விளிம்புகளோடு ஒரு ரோல்ஸ் ராய்ஸ் வெளிப்படுவதைப் பார்த்தாராம். அந்த மிடுக்கும் ஃபெராரியின் தாழ்ந்த உடம்பும் ஒரே காரில் வேண்டும் என்று ஊர் திரும்பினார். நெட் நிக்கல்ஸ் வரைந்தார். முதலில் அதை கேடிலாக் பிரிவுக்காக, லா சால் என்ற பழைய பெயரை உயிர்ப்பிக்கத்தான் நினைத்தார்கள். செய்கிற காரெல்லாம் விற்றுப்போய்க்கொண்டிருந்த கேடிலாக்குக்கு அது தேவைப்படவில்லை. பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் மூன்றும் போட்டி போட்டன. விற்பனை சரிந்து கிடந்த பியூக்குக்கு அது உயிர்ப் பிரச்சினை. வடிவத்தில் ஒரு கோட்டையும் மாற்ற மாட்டோம் என்று வாங்கிக்கொண்டார்கள். 1963 மாடலாக வெளிவந்தபோது விலை 4,333 டாலர். கிடைப்பதற்கு அரிது என்ற பெயர் நிற்க வேண்டும் என்று முதல் வருஷம் 40,000 கார்களோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்டார்கள்.

மிட்செல் முதலில் நினைத்த வடிவம் முழுதாக வந்தது 1965-இல்தான். அதற்கு முந்தின இரண்டு வருஷமும் ஹெட்லைட்டுகள் வெளியே தெரிந்தன. 1965-இல் அவற்றை முன் ஃபெண்டர் முனைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கிரில் மாதிரியே இரண்டு மூடிகள் போட்டார்கள். விளக்கைப் போட்டால் சிப்பி திறப்பது மாதிரி மேலும் கீழுமாக மூடி பிரியும். அணைத்தால் மூடிக்கொள்ளும். அப்போது காருக்கு முகமே இருக்காது, ஒரே அமைதி. அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி, அமெரிக்காவில் செய்த கார்களிலேயே அழகானது அதுதான் என்பது என் தீர்மானம். இதில் நான் யாரோடும் ஒத்துப்போகத் தயாராக இல்லை.

பானெட்டைத் திறந்தால் ஏர் கிளீனர் மேல் வைல்ட்கேட் 445 என்று ஒட்டியிருக்கும். குதிரைத்திறன் என்று நினைத்தேன். குதிரைத்திறன் 325, இந்த 445 முறுக்குவிசையின் கணக்கு என்று பெரியவர் சொல்லிக்கொடுத்தார். 401 கன அங்குல எஞ்சின், நம் கணக்கில் 6.6 லிட்டர், எட்டு சிலிண்டர். ஒரு சிலிண்டர் மட்டுமே 800 சி.சி.க்கு மேல். நாலு வருஷம் கழித்து இந்தியாவில் வந்த மாருதி 800-இன் மொத்த எஞ்சினும் அந்த ஒற்றைச் சிலிண்டருக்குள் அடங்கிவிடும். வால்வுகள் சின்னதாக, செங்குத்தாக, ஆணி அடித்தமாதிரி நிற்பதால் நெயில்ஹெட் என்று பட்டப்பெயர். அதற்குக் காரீயம் கலந்த உயர்ரகப் பெட்ரோல் வேண்டும். 1979-இல் அது பங்குகளிலிருந்து மறைந்துகொண்டிருந்தது. காரீயம் கலந்த சாதாரணப் பெட்ரோலைப் பாதியும், காரீயமில்லாத உயர்ரகத்தைப் பாதியும் ஊற்றி ஓட்டுவோம். எஞ்சின் தட்டாமல் ஓட அந்தக் கலவை எனக்கு அத்துப்படியாகிவிட்டது. 1980-இல் கேலன் ஒரு டாலரைத் தாண்டியபோது, வேலைக்கும் மளிகைக்கும் தவிர காரை எடுப்பதில்லை.

எடுக்கிற நாள்களில் அது தனி. காலை லேசாக வைத்தால் போதும், அம்பாசிடரைவிட ஒரு மீட்டர் நீளமான, இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைந்த அந்த உடம்பு சத்தமில்லாமல் நகரும். மஸில் கார்கள் கத்திக்கொண்டு ஓடிய காலத்தில் இது வாயைத் திறக்காமல் அதே வேகம் போன கார்.

1980 அக்டோபரில் மனைவியின் பிரசவத்துக்காக அம்மா வந்து சேர்ந்தாள். டெட்ராய்ட் விமான நிலையத்தில் காரைப் பார்த்ததும் சுற்றி வந்து, "இம்மாம் பெரிய பிளசருக்கு ரெண்டே கதவாடா?" என்றாள். முன்சீட்டை மடக்கிப் பின்னால் ஏற்றினேன். பின்னாலும் பெஞ்சு சீட்டு கிடையாது. ஆளுக்கொன்றாகக் குழிந்த இரண்டு இருக்கைகள். அம்மா அதில் அமர்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கையை வைத்த இடத்தில் ஒரு கைப்பிடி தட்டுப்பட்டது. "இது என்ன?" என்றாள். எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ரிவியராவின் கதவில் உள்பக்கம் இரண்டு கைப்பிடிகள். ஒன்று முன்னால் இருப்பவருக்கு. இன்னொன்று கதவின் பின்கோடியில், பின்சீட்டில் இருப்பவர் கைக்கு எட்டும் இடத்தில். இரண்டு கதவுக் காரில் பின்னால் ஏறியவர் இறங்குவதற்கு முன்னால் இருப்பவர் தயவை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டும். அது கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஊரில் பஸ்ஸிலும் மாட்டுவண்டியிலும் அடுத்தவர் இறங்கக் காத்திருந்தே பழகிய அம்மா, பிளின்ட் வந்து சேர்ந்ததும் நான் சுற்றி வருவதற்குள் தானே கதவைத் திறந்துவிட்டாள். மறுநாள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கச் சொன்னாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். பின் சக்கரத்துக்கு மேலே, சாலை உப்பு தின்று ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. பெரியவர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலில் என் மனைவியை உள்ளே போய்ச் சன்னலைச் சாத்தச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். துருவைச் சுரண்டித் தகடு பளபளக்கும்வரை தேய்த்தார். சின்னத் தகட்டுத் துண்டை வைத்துப் பற்றவைத்தார். அப்புறம்தான் அவருடைய வேலை ஆரம்பித்தது. காரீயமும் வெள்ளீயமும் கலந்த கம்பியை நெருப்பில் காட்டினால் அது உருகி ஓடுவதற்கு முன் ஒரு நொடி களிம்பு மாதிரி நிற்கும். அந்த நொடியில் கொழுப்புத் தடவிய மரக் கரண்டியால் அதைத் தகட்டின் மேல் இழுத்துப் பரப்ப வேண்டும். கொஞ்சம் சூடு கூடினால் தரையில் சொட்டிவிடும். குறைந்தால் கட்டிதட்டிப்போகும். தீயை அவர் கிட்டே கொண்டுபோவதும் விலக்குவதும் விசிறி வீசுவதுபோல இருந்தது. பரப்பி முடித்ததும் ஆற விட்டு, அரம் எடுத்துச் சீவினார். மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொண்டார். ஆலையில் இந்த அர வேலையைத் தனி அறையில், தலைமூடி போட்டு, குழாயில் காற்றுவிட்டுத்தான் செய்வார்களாம். காரீயத் தூள் உடம்பில் ஏறினால் லேசில் இறங்காது.

படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. "ஈயம் பூசுறாருடா!" என்றாள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச எங்கள் தெருவுக்கு வருகிறவரைச் சின்ன வயசிலிருந்தே பார்த்தவள் அவள். துருத்தியும் கரியும் நவச்சாரப் புகையும் பஞ்சால் ஒரு இழுப்பும் அவளுக்குத் தெரியும். உள்ளே போய் டபராவில் காப்பி கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

காப்பி குடித்துக்கொண்டே அவர் சொன்னதுதான் அந்தக் காரைப் பற்றி எனக்கு இன்றும் நினைவிருக்கிற முதல் விஷயம். கூரைத் தகடும் பின்பக்கத் தகடும் தனித்தனியாகத்தான் வரும். பற்றவைத்த இடத்தில் பள்ளமான ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைக் காரீயத்தால் நிரப்பி, அரத்தால் சீவி, கூரையிலிருந்து டிக்கி வரைக்கும் ஒரே தகடு என்று நம்பும்படி ஆக்குவதுதான் அவர் நாற்பது வருஷம் செய்த வேலை. கண்ணை நம்பக்கூடாதாம். பெயின்ட் ஏறினதும் கண் ஏமாந்துவிடும், கை ஏமாறாது. கண்ணை மூடித் தடவும்போது ஏதாவது தட்டுப்பட்டால் வேலை சரியில்லை என்று அர்த்தம். ஒன்றுமே தட்டுப்படாமல் இருந்தால்தான் அவர் அங்கே வேலை செய்திருக்கிறார். ரிவியராவின் அந்தக் கூரை விளிம்பு கத்தி மாதிரி இருப்பதால் அதில் கை வைப்பது மற்றக் கார்களைவிடக் கஷ்டம் என்றார். என் காரின் கூரை அவர் கை பட்டதா, பக்கத்தில் நின்ற இன்னொருவர் கை பட்டதா என்று அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வழியுமில்லை.

அவர் பத்தொன்பது வயசில் அந்த ஆலைக்குள் உட்கார்ந்து போராடியவர். 1936 டிசம்பர் 30-இல் தொடங்கி 44 நாள், பிளின்ட் தொழிலாளர்கள் ஆலையைவிட்டு வெளியே வராமல் நடத்திய வேலைநிறுத்தம் அது. வெளியே பனி. உள்ளே, தாங்கள் தைத்த கார் சீட்டுகளையே தரையில் போட்டுப் படுத்துக்கொண்டார்கள். 1937 பிப்ரவரி 11-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகுதான், கார் செய்கிறவனும் கார் வாங்க முடிந்தது என்பார்.

1981 ஜனவரியில் ஒரு ராத்திரி மனைவிக்கு வலி எடுத்தது. சாயங்காலம் மழை பெய்து, விழுந்த இடத்திலேயே உறைந்துபோயிருந்தது. கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. விளக்கைப் போட்டேன். உள்ளே மோட்டார் முனகுகிற சத்தம் கேட்கிறதே தவிர, ஹெட்லைட் மூடிகள் பனிக்கட்டியில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. விளக்கில்லாமல் அந்தத் தெருவில் போக முடியாது. நான் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பில் இருந்த வெந்நீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அபிஷேகம் செய்வதுபோல ஒரு பக்கம் ஊற்றினாள், அப்புறம் மறுபக்கம். பனிக்கட்டி விட்டு, மூடிகள் பிரிந்து, நாலு விளக்கின் வெளிச்சமும் தெருப்பனியின் மேல் விழுந்தது. "கண்ணைத் திறந்துட்டா" என்றாள் அம்மா. கோயிலில் புதுச் சிலைக்குக் கண் திறக்கும்போது சொல்கிற அதே குரல். விடிவதற்குள் மகள் பிறந்துவிட்டாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது அம்மா பின்சீட்டில் அவளை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இன்றைக்குக் குழந்தை சீட்டு இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் பிள்ளையைக் காரில் ஏற்ற விடாது. அதுதான் சரி. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியவில்லை.

அடுத்த வருஷமே எல்லாம் கலைந்தது. கார் விற்கவில்லை, ஆலைகளில் ஆள்குறைப்பு, ஆலைகளை நம்பியிருந்த சின்னப் பட்டறைகள் ஒவ்வொன்றாக இருட்டின. எனக்கும் வேலை போயிற்று. ஹூஸ்டனில் வேலை இருக்கிறது என்றார்கள். 1982 ஏப்ரலில் நானூறு டாலருக்கு ரிவியராவை ஒரு இளைஞனிடம் கொடுத்தேன். அவன் அந்தக் கூரையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெரியவர் எதிர்ப்பக்கம் நின்று கையை உயர்த்தினார். நாலு வருஷம் கழித்து அவர் மனைவியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, தான் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று மகள் கேட்டாள். பிளின்ட் விமான நிலையத்தில் வாடகைக்குக் கிடைத்ததும் ஒரு பியூக்தான். உயரமான சின்ன எஸ்.யு.வி. 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர். பழைய காரின் ஒன்றரைச் சிலிண்டர் அளவு எஞ்சின், அது குடித்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோலில் ஏ.சி. போட்டு ஓடியது. நல்ல கார். மோதினால் ஆளைக் காப்பாற்றும். கதவைத் திறந்தபோது ஓரத்து ஒட்டுத்தாளில் தென்கொரியாவில் தயாரானது என்று இருந்தது. பியூக் இன்று அமெரிக்காவில் கூப்பேயும் விற்பதில்லை, செடானும் விற்பதில்லை. எல்லாம் எஸ்.யு.வி.தான். ரிவியரா என்ற பெயர் 1999 மாடலோடு முடிந்தது. பிளின்ட்டின் பியூக் சிட்டி ஆலையும் அதே 1999 ஜூனில் மூடப்பட்டது.

அங்கே போனோம். சுமார் நானூறு ஏக்கர். கான்கிரீட் தரை, வெடிப்புகளில் புல், வேலி. ஒரு மூலையில் புதுக் கிடங்கு எழும்பியிருந்தது. 1978-இல் இந்த ஊரில் சுமார் 80,000 பேர் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்தார்கள். 2020 கணக்கெடுப்பில் ஊரின் மொத்த மக்கள்தொகையே 81,252. நான் குடியிருந்த வீடு இருந்த இடத்தில் புல் வெட்டிவிட்டிருந்தார்கள். எதிர்வீடு நிற்கிறது, பலகை அடித்து.

அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோது எனக்குக் காரீயத்தின் ஞாபகம் வந்தது. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க, ஊரின் குடிநீரை பிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய காரீயக் குழாய்களை அந்தத் தண்ணீர் அரித்து வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அந்த அக்டோபரிலேயே, எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சின் ஆலை ஆற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று வேறு இணைப்பு வாங்கிக்கொண்டது. மக்கள் இன்னும் ஒரு வருஷம் அதையே குடித்தார்கள். பிள்ளைகள் ரத்தத்தில் காரீயம் ஏறியிருப்பதை 2015-இல் டாக்டர் மோனா ஹன்னா அட்டிஷா எண்ணிக்கையோடு எடுத்துக்காட்டிய பிறகுதான் தண்ணீரை மாற்றினார்கள். என் மனைவியை உள்ளே அனுப்பிச் சன்னலைச் சாத்தச் சொன்ன மனுஷன் இருந்த தெரு இது. இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

மறுநாள்தான் சாகினா தெரு. இளம்பச்சை ரிவியரா, எங்களுடையது மாதிரியே. சொந்தக்காரர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயசிருக்கும். வருஷத்துக்கு நூறு மைல்தான் ஓட்டுகிறாராம், மழை என்றால் வெளியே எடுப்பதில்லை. என் கதையைச் சொன்னேன். எழுநூறு டாலர் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். பனியில் ஓட்டினீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம் கதவைத் திறந்து, முன்சீட்டை மடக்கி, மகளைப் பின்னால் உட்காரச் சொன்னார். அவள் தலையைக் குனிந்து நுழைந்து, ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

கூரையில் கை வைத்தீர்களா என்று அவரிடம் கேட்டேன். சக்கரத்துக்கு மேலே தகடு மாற்றியிருக்கிறேன், அடிப்பக்கம் மாற்றியிருக்கிறேன், பெயின்ட் இரண்டுதரம் ஏறியிருக்கிறது, ஆனால் கூரை இணைப்பைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை, ஆலையில் போட்டது அப்படியே இருக்கிறது என்றார். அந்த இடத்தை மட்டும் ஒருதரம் தொட்டுப் பார்க்கலாமா என்றேன். கொஞ்சம் யோசித்தார். துணியை எடுத்துத் தூசியைத் துடைத்துவிட்டு விலகிக்கொண்டார்.

கண்ணை மூடிக்கொண்டு, பின்கண்ணாடியை ஒட்டிக் கூரையில் விரலை வைத்து, கீழே டிக்கி வரைக்கும் இழுத்தேன். தகடு வெயிலில் சுட்டது. இன்னொருதரம், மெதுவாக. மறுபக்கம் போய் அங்கேயும் தடவினேன். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.